புதுப்பிப்பு: டைட்டானியம் ஸ்க்ரூ ஆர்ட்டிஃபேக்ட் அளவு ஏன் மாறி மாறி வருதுன்னு கேட்டிருந்தேனே

போன தடவை, ஒரே ஸ்க்ரூவை காப்பர் சல்ஃபேட் கரைசல்ல வச்சு எம்ஆர்ஐ எடுத்தா ஒவ்வொரு தடவையும் ஆர்ட்டிஃபேக்ட் (உலோகத்தால படம் கெட்டுப்போற பகுதி) வேற வேற மில்லிமீட்டர் வருதுன்னு எழுதியிருந்தேன்ல, காரணம் கிடைச்சுருச்சு. நான் கண்ணால ஓரத்தைப் பாத்து அளந்திருக்கேன், விண்டோ லெவலை (திரையில படத்தோட வெளிச்ச அமைப்பு) கொஞ்சம் நகத்தினாலே ஸ்க்ரூவைச் சுத்தித் தெரியற அந்த கருப்பு ஓட்டை பெருசாகும் சின்னதாகும், அப்புறம் எப்படி ஒரே அளவு வரும்.

உடம்புக்குள்ள வைக்கிற பொருட்களோட எம்ஆர்ஐ ஆர்ட்டிஃபேக்டை அளக்கறதுக்கான தர விதி, ஏஎஸ்டிஎம் எஃப்2119, சொல்றது தெளிவா இருக்கு. ஸ்க்ரூ இல்லாம ஒரு படம், ஸ்க்ரூவோட ஒரு படம், பிக்சல் மதிப்பு 30 சதவீதமோ அதுக்கு மேலயோ மாறியிருந்தா அது ஆர்ட்டிஃபேக்ட். கூடினாலும் சேத்திதான், குறைஞ்சாலும் சேத்திதான். நான் கருப்பை மட்டும் எண்ணிட்டு, ஸ்க்ரூ நுனியை ஒட்டி பிறை மாதிரி பளிச்சுன்னு வெள்ளையா நிக்குமே, அதை மொத்தமா விட்டுட்டேன். அது சிக்னல் இடம் மாறி ஒரே இடத்துல குவியறது, அதுவும் கெட்டுப்போன படம்தான்.

இன்னொண்ணு, ஃபேஸ், ஃப்ரீக்வென்சி திசையை (சிக்னல் எந்த இடத்துல இருந்து வருதுன்னு எம்ஆர்ஐ குறிக்கற ரெண்டு திசை) மாத்திப் போட்டும் கட்டாயம் எடுங்க, வடிவமே மாறிடும். ஸ்கேன் முறையும் முக்கியம்: ஸ்பின் எக்கோ முறைல 180 டிகிரி பல்ஸ் சிக்னலை திரும்ப ஒண்ணு சேக்கறதால ஓட்டை சின்னதா வரும், கிரேடியன்ட் எக்கோ முறைல அந்த பல்ஸ் கிடையாது, அதனால பெருசு. டைட்டானியத்துக்கே இப்படின்னா (சசெப்டிபிலிட்டி, அதாவது காந்தப்புலத்துல எவ்வளவு காந்தமாகும்ங்கற அளவு, சுமார் 182 பிபிஎம், தண்ணிக்கு மைனஸ் 9) கோபால்ட் குரோம் உலோகக் கலவை இன்னும் மோசமாதான் இருக்கும். அடுத்து அதைத்தான் அளக்கப்போறேன்.