திட்டு வாங்கியவளுக்கு ஏன் வகுப்பு?

கிழக்குக்கரை அம்மா:
மகள் இங்கே, அமெரிக்காவில், கல்லூரி இரண்டாமாண்டு. ஆய்வகத்தில் ஒருவன், "உங்கள் ஊரில் கையால்தானே சாப்பிடுவீர்கள், கழுவிவிட்டு வா" என்றானாம். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்களாம். இப்போது கல்லூரி, வெள்ளையரல்லாத மாணவர்களுக்கு மட்டும் இரண்டு மணி நேரப் பயிற்சி வைக்கிறது: இனவெறிப் பேச்சை எதிர்கொள்வது எப்படி என்று. அனுப்பலாமா?

பழைய மாணவன்:
வேண்டாம் அம்மா. 1990களில் நான் இதைவிட மோசமாகக் கேட்டிருக்கிறேன். காதில் போட்டுக்கொள்ளாமல் படித்து முடித்தேன்.

தெற்கத்தி:
காதில் போட்டுக்கொள்ளாததை இத்தனை ஆண்டுகள் நினைவில் வைத்திருக்கிறீர்களே ஐயா! என் மறுப்பு வேறு. பேசியவன் ஊர் சுற்ற, கேட்டவள் வகுப்பில் உட்கார வேண்டுமா?

நூலகவாசி:
பயிற்சியை இளக்காரமாக எண்ணாதீர்கள். நாக்பூரில் தங்கிக் காந்தியின் வழியைக் கற்ற அமெரிக்கக் கறுப்பின உரிமைப் போராளி ஜேம்ஸ் லாசன், 1959இல் அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் மாணவர்களைப் பழக்கினார். சிலர் வெள்ளைப் போக்கிரிகளாக நடித்துத் திட்டுவார்கள், தள்ளுவார்கள், முகத்தில் புகை ஊதுவார்கள். மற்றவர்கள் திருப்பி அடிக்காமல் உட்கார்ந்திருக்க வேண்டும். 1960 பிப்ரவரியில் அவர்கள் கடைகளில் வெள்ளையருக்கு மட்டுமான சிற்றுண்டி மேசைகளில் போய் அமர்ந்தார்கள். மே மாதம் அங்கே கறுப்பினத்தவருக்கும் பரிமாறினார்கள்.

தெற்கத்தி:
பாதிக் கதையை விட்டுவிட்டீர்கள். அந்த லாசனை, அவர் படித்த வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் அதே ஆண்டு மார்ச்சில் வெளியேற்றியது! அது கடையின் வழக்கத்தை உடைக்க மாணவர்களே விரும்பி எடுத்த பயிற்சி. இது நிர்வாகம் தன் வேலையைப் பிள்ளைகள் தலையில் கட்டுவது.

நூலகவாசி:
அந்த வேறுபாட்டை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நாளைக்கும் அவள் அதே ஆய்வகத்தில்தானே நிற்க வேண்டும்? "என்ன சொன்னாய், இன்னொரு முறை சொல்" என்று நிதானமாகக் கேட்கவும் பழக்கம் தேவை. பிறகு தேதி, நேரம், உடனிருந்தவர்கள் எல்லாவற்றையும் அன்றே எழுதி வைக்கட்டும். 1964ஆம் ஆண்டின் குடிமை உரிமைச் சட்டம், ஆறாம் பிரிவு: கூட்டாட்சி அரசின் பணம் பெறும் கல்லூரி இனப் பாகுபாட்டைக் கண்டுகொள்ளாவிட்டால் கல்வித் துறையிடம் புகார் செய்யலாம். பொதுவாக 180 நாட்களுக்குள்.

பழைய மாணவன்:
புகார் கொடுத்தால் விசாவுக்குச் சிக்கல் வராதா?

கிழக்குக்கரை அம்மா:
என்ன விசா? அவள் பிறந்தது நியூ ஜெர்சியில். அவன் சொன்ன "உங்கள் ஊர்" எது என்று அவளுக்கே புரியவில்லை.
எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். பயிற்சிக்குப் போகிறாளாம். அவனுக்கு வகுப்பு எந்தக் கிழமை என்பதுதான் அங்கே அவள் கேட்கப்போகும் முதல் கேள்வியாம்.