வலியே இல்லாத கட்டிக்கு மேமோகிராம் எதற்கு என்கிறார் அம்மா

நாமக்கல் பொண்ணு (கேள்வி):

அம்மாவுக்கு 54 வயது. போன மாதம் சர்க்கரை மாத்திரை வாங்க ஆரம்ப சுகாதார நிலையம் போயிருக்கிறார். அங்கே நர்ஸ், “30 வயசு தாண்டின எல்லாருக்கும் பார்க்கிறோம்மா” என்று திரைக்குப் பின்னால் கூட்டிப்போய் மார்பைக் கையால் பரிசோதித்தாராம். இடது பக்கம், அக்குள் ஓரத்தில், புளியங்கொட்டை அளவுக்கு ஏதோ தட்டுப்பட்டிருக்கிறது. மேமோகிராம் (மார்பை எடுக்கும் எக்ஸ்ரே) எடுக்கச் சொல்லி, பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டார். அந்தச் சீட்டு மூன்று வாரமாக முருகன் படத்துக்குப் பின்னால் இருந்திருக்கிறது. நேற்று படத்தைத் துடைக்க எடுத்தபோதுதான் என் கண்ணில் பட்டது.

கேட்டால், “வலியே இல்லையே. நம்ம வம்சத்துல யாருக்கும் வந்ததில்லை. ஊசி குத்தினாத்தான் பரவும்” என்கிறார். எனக்குத் திங்கள் வரைதான் லீவு. எப்படிச் சம்மதிக்க வைப்பது?

ஈரோடு தையலக்கா:

கண்ணு, வலிக்கவில்லை என்பதற்காகவே கூட்டிக்கொண்டு போ. மார்பில் வரும் புற்றுநோய்க் கட்டி ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது. வலித்திருந்தால் நாமெல்லாம் முதல் நாளே ஓடியிருப்போம்.

நான் 26 வருடமாக ஜாக்கெட் தைக்கிறேன். எனக்கு 49 வயதில் கண்டுபிடித்தார்கள். கட்டி, வலி என்று எதுவும் கிடையாது. பக்கத்து வீட்டுக்காரம்மா தனியாகப் போகப் பயந்து மேமோகிராம் முகாமுக்கு என்னையும் இழுத்துப் போனார். அவருக்கு ஒன்றுமில்லை என்று வந்தது, என் படத்தில் 9 மில்லிமீட்டருக்கு ஒரு புள்ளி. கையால் எத்தனை தடவினாலும் தெரியாது. டாக்டரம்மாவே தடவிப் பார்த்துவிட்டு, “படத்துல இல்லன்னா எனக்கும் தெரிஞ்சிருக்காது” என்றார். எங்கள் வம்சத்திலும் நான்தான் முதல் ஆள். இந்த நோய் வருகிறவர்களில் பெரும்பாலோர் அப்படித்தானாம்.

ஊசியைப் பற்றி அம்மா பயப்படுவது நியாயம்தான், எனக்கும் அந்தப் பயம் இருந்தது. மரத்துப்போக மருந்து போட்டுவிட்டுத்தான் ஊசியால் கட்டியிலிருந்து துணுக்கு எடுப்பார்கள். ஸ்டேப்ளர் அடிக்கிற மாதிரி ‘டப்’பென்று ஒரு சத்தம். எனக்கு ஐந்து தடவை கேட்டது. அதனால் பரவாது. என்ன வகை என்று அந்தத் துணுக்கை வைத்துத்தான் பார்க்கிறார்கள், மருந்தும் அதைப் பொறுத்துத்தான்.

கட்டியிருந்த இடத்தை மட்டும் எடுத்தார்கள். கரண்ட் (கதிர்வீச்சு) 15 நாள். கீமோ தேவைப்படவில்லை, ஐந்து வருடம் தினம் ஒரு மாத்திரை. என் ஜாக்கெட் அளவில் வலது பக்கம் அரை இஞ்ச் குறைந்தது. டார்ட்டைக் கொஞ்சம் உள்ளே பிடித்துத் தைத்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

என்னிடம் தைக்கிற ஒரு அம்மா இருக்கிறார். அவருக்குக் கட்டி இருந்தது தெரியும். ஒரு டாக்டர் தொட்டுக்கூடப் பார்க்காமல் கொழுப்புக் கட்டி என்று மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டார், இவரும் மகள் கல்யாணம் முடியட்டும் என்று ஒன்றரை வருடம் தள்ளிவிட்டார். மார்பையே எடுக்க வேண்டியதாகிவிட்டது. அவர் ஜாக்கெட்டுக்கு உள்பக்கம் ஒரு பை தைத்து, பஞ்சோடு கொஞ்சம் கடுகும் போட்டு மூடுவேன். வெறும் பஞ்சு என்றால் எடை இல்லாமல் மேலே ஏறிக்கொள்ளும். கடுகு அளவு சரியாக வர எனக்கு நாலு ஜாக்கெட் பிடித்தது. இதை அம்மாவிடம் அப்படியே வாசித்துக் காட்டு.

சேலத்துக்காரன்:

எதிர்ப்பாட்டு பாடுகிறேன் என்று நினைக்க வேண்டாம். என் மனைவிக்கு 41 வயதில் ‘பேக்கேஜ்’ டெஸ்ட் எடுத்ததில் சந்தேகம் என்றார்கள். திரும்பப் படம், ஸ்கேன், மூன்று வாரம் தூக்கம் போச்சு. கடைசியில் நீர்க்கட்டி. இந்த அலைச்சலையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

எக்ஸ்ரே அறைக்காரி:

சேலத்து அண்ணா சொல்வது உண்மை. மேமோகிராம் எடுக்கிற டெக்னீஷியன் என்ற முறையில் சொல்கிறேன், திரும்பக் கூப்பிடுகிறவர்களில் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் இருப்பதில்லை. எந்த வயதில் தொடங்குவது என்பதிலும் ஊருக்கு ஊர் வேறுபாடு உண்டு. அமெரிக்காவில் 40 முதல் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை என்கிறார்கள், பிரிட்டனில் 50 வாக்கில் தொடங்கி மூன்று வருடத்துக்கு ஒருமுறை கூப்பிடுகிறார்கள்.

ஆனால் அந்த விவாதமெல்லாம் ஒரு தொந்தரவும் இல்லாதவர்களுக்கு. உங்கள் அம்மாவுக்குக் கையில் கட்டி தட்டுப்பட்டிருக்கிறது, அந்தக் கணக்கே வேறு. ஒன்று கவனியுங்கள்: மேமோகிராம் ‘நார்மல்’ என்று வந்தாலும் அதோடு வீட்டுக்குக் கூட்டி வந்துவிடாதீர்கள். சில கட்டிகள் படத்தில் விழாது. டாக்டர் தொட்டுப் பார்க்க வேண்டும், ஸ்கேன் வேண்டும், தேவைப்பட்டால் ஊசி. எல்லாம் ஒத்துப்போனால்தான் நிம்மதி.

நர்ஸ் கையால் பார்த்ததை அம்மா லேசாக நினைக்க வேண்டாம். மும்பை டாடா மெமோரியல் புற்றுநோய் ஆஸ்பத்திரி 1998-ல் தொடங்கி சுமார் ஒன்றரை லட்சம் பெண்களை 20 வருடம் கவனித்தது. அதில் பாதிப் பேருக்கு, பயிற்சி பெற்ற பெண் பணியாளர்கள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, மொத்தம் நான்கு சுற்று, வெறும் கையால் பார்த்தார்கள். 50 வயதுக்கு மேற்பட்டவர்களில் இந்த நோயால் இறப்பது ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்தது. 50-க்குக் கீழே அந்த அளவு பலன் தெரியவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வலியைப் பற்றி: பக்கத்துக்கு இரண்டாக நான்கு படம். தட்டு அழுத்துவது ஒவ்வொரு படத்துக்கும் சில நொடிகள்தான். அழுத்தும், மறுக்கவில்லை. அன்று அக்குளில் பவுடர், சென்ட் போடக் கூடாது, படத்தில் வெள்ளைப் புள்ளியாக விழுந்து குழப்பும். புடவை கட்டி வந்தால் மாற்றச் சுலபம். எடுப்பது பெண்தானா என்று போனில் முதலிலேயே கேட்டுவிடுங்கள், நிறைய அம்மாக்கள் வாய்விட்டுச் சொல்லாத தயக்கம் அதுதான்.

நாமக்கல் பொண்ணு:

அதேதான்! பெண்தான் எடுப்பார் என்று சொன்னதும் அம்மா முகம் மாறிவிட்டது. வம்சம், ஊசியெல்லாம் அப்புறம் பேச்சிலேயே வரவில்லை. நாளை காலை பத்து மணிக்குப் போகிறோம். தையலக்கா எழுதியதை இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார். கடுகு வரும் இடத்தில் ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, “அந்த அக்கா ஈரோட்டுல எங்கேன்னு கேளு” என்றார். பவுடர் டப்பாவை எடுத்து ஒளித்து வைத்துவிட்டேன், பழக்கத்தில் போட்டுவிடுவார்.