மதுரையைப் புதுப்பிக்கும் வேலையில் மதுரைக்காரர்களுக்கு என்ன கிடைத்தது?

செல்லூரான்:
2016-ல் மத்திய அரசின் நகர மேம்பாட்டுத் திட்டமான ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் மதுரை சேர்ந்தது. பெரியார் பேருந்து நிலையத்தை இடித்துக் கட்டினார்கள், மாசி வீதிகளைத் தோண்டிப் போட்டார்கள். இத்தனை வேலை நடந்தும், அதில் தொழில் கற்றுக்கொண்ட பையன் எங்கள் தெருவில் ஒருவன்கூட இல்லை. இனி வரும் டெண்டர்களில் உள்ளூர் ஆட்களை எடுத்துப் பயிற்சி தர வேண்டும் என்று நிபந்தனை போட வேண்டும்.

சைட் இன்ஜினியர்:
கேட்க நன்றாக இருக்கிறது, நடக்காது. மாசி வீதி என்றால் சித்திரைத் தேர் ஓடுவதற்குள் முடித்தாக வேண்டும். வடமாநில ஆட்கள் சைட்டிலேயே தங்குகிறார்கள். காலையில் முப்பது பேர் வேண்டுமென்றால் முப்பது பேரும் நிற்பார்கள். நம்மூரில் முகூர்த்த நாள் வந்தால் பாதிப் பேர் வரமாட்டார்கள். அப்புறம், தொழில் தெரியாத பையனைச் சாரத்தில் ஏற்றி ஒன்று ஆகிவிட்டால் யார் பொறுப்பு?

செல்லூரான்:
வந்தவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை, அவர்களும் வயிற்றுப்பாட்டுக்குத்தான் வருகிறார்கள். நான் கேட்பது புதிதும் இல்லை. 1961-ம் வருடத் தொழிற்பழகுநர் சட்டப்படி, 30 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனம் தன் ஆட்களில் 2.5 முதல் 15 சதவீதம் வரை பழகுநர்களை, அதாவது வேலை பார்த்துக்கொண்டே தொழில் கற்பவர்களை, எடுத்தாக வேண்டும். புதூர் ஐ.டி.ஐ. பக்கத்திலேயே இருக்கிறது.

ஆனையூர் அக்கா:
பையன்களைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் கல்யாணமானதிலிருந்து சித்தாள். கலவையைப் பார்த்தாலே தண்ணீர் கூடிவிட்டதா என்று சொல்லிவிடுவேன். ஒருநாள் கொத்தனார் சாப்பிடப் போன நேரத்தில் பூசுகிற கரண்டியான கரணையை எடுத்து ஜன்னல் ஓரம் பூசி, மட்டப்பலகை போட்டு இழுத்து வைத்தேன். மேஸ்திரி மட்டம் சரியா என்று ரசமட்டம் வைத்துப் பார்த்தார், குறை சொல்லவில்லை. ஆனால் கரணையை வாங்கிக்கொண்டு கலவை சுமக்கும் சட்டியைக் கொடுத்தார். கட்டுமானத் தொழிலாளர் நலவாரிய அட்டை வைத்திருக்கிறேன். பயிற்சி என்று கூப்பிட்டார்கள், போனால் அன்றைய கூலி போச்சு. மகளிர் குழுக் கடனை யார் கட்டுவது?

சைட் இன்ஜினியர்:
அக்கா சொல்வது நியாயம். நானும் சான்றிதழைப் பார்த்து ஆள் எடுத்ததில்லை, ஒரு சுவரைப் பூசச் சொல்லித்தான் எடுப்பேன். வேலை நடக்கும் இடத்தில்தான் கை பழகும். ஆனால் கெடு நெருக்கும்போது சொல்லிக்கொடுக்க எவனுக்கும் பொறுமை இருக்காது.

கீழவாசல்:
அப்படியானால் அவசரப்படுத்தக் கூடாத வேலையில் தொடங்கலாமே. திருமலை நாயக்கர் மகால் போன்ற பழைய கட்டடங்களுக்குச் சுண்ணாம்புக் காரைதான் சரி. சிமெண்டால் அடைத்தால் ஈரம் வெளியே போக வழியில்லாமல் செங்கல்லே உதிரும். சுண்ணாம்பை நீற்றி, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீர் விட்டு அரைத்து, ஒவ்வொரு பூச்சும் காயும்வரை காத்திருக்க வேண்டும். இது தெரிந்த பெரியவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். அவர்களோடு உள்ளூர் ஆட்களை நிறுத்துங்கள்.

சைட் இன்ஜினியர்:
சொல்லிக்கொடுப்பவர் கூலியையும் கற்பவர் கூலியையும் எஸ்டிமேட்டில் தனி வரியாக எழுதிக் காட்டினால் நான் சம்மதிப்பேன். கான்ட்ராக்டர் தலையில் கட்டினால், காகிதத்தில் மட்டும்தான் பயிற்சி நடக்கும்.

செல்லூரான்:
கட்டுமானச் செலவில் 1 சதவீதம் நலவாரியத்துக்குப் போகிறதே, கூலியை அதிலிருந்து கொடுக்கட்டும்.

ஆனையூர் அக்கா:
எங்கிருந்து கொடுத்தாலும் சரி. எஸ்டிமேட்டில் எழுதும் அந்த வரியில் சித்தாள்களுக்கும் கரணை என்று எழுதச் சொல்லுங்கள். எழுதாவிட்டால் எங்களை மறுபடியும் சட்டி தூக்கத்தான் விடுவார்கள்.