புதுப்பிப்பு: பாண்டி–கடலூர் கேமிங் டிஸ்கார்டில் வசவுத் தடுப்பு, வேலை செய்தது இதுதான்

முன்பு கேட்டது: டிஸ்கார்ட் அரட்டைச் செயலியில் இருக்கும் எங்கள் குழுவில், தன்னை கே (gay), லெஸ்பியன் என்று வெளிப்படையாகச் சொல்லும் உறுப்பினர்கள் மேல் விழும் வசவை நிறுத்துவது எப்படி? பதில் தந்த எல்லாருக்கும் நன்றி.

தீர்த்து வைத்தது, "அடையாளச் சொல்லை விடுங்க, வசவை மட்டும் தடுங்க" என்ற யோசனை. 'கே' என்பதையே தடுத்தால் முதலில் மாட்டுவது தன்னைப் பற்றிச் சொன்னவர்தான். எக்ஸ்பாக்ஸ் லைவ் கேமிங் சேவைகூட கேமர்டேகில் (ஆட்டக்காரரின் பெயரில்) அந்தச் சொல்லை 2010இல்தான் அனுமதித்தது.

சர்வர் (குழு) செட்டிங்ஸில் ஆட்டோமாட் (செய்திகளைத் தானே வடிகட்டும் வசதி), அதில் தடுக்க வேண்டிய சொற்களை நாமே சேர்க்கும் கஸ்டம் விதி. சொல்லோடு நட்சத்திரக் குறி (*) இல்லாவிட்டால் முழுச் சொல் மட்டுமே சிக்கும். 'ஐ', 'க்கு' ஒட்டியதும் நழுவிவிடும். ஆகவே வசவின் கடைசியில் * வேண்டும். குட்டைச் சொல்லுக்கு மட்டும் வேண்டவே வேண்டாம்: 'கே*' போட்டால் கேம், கேளு, கேட்டான் எல்லாம் முடங்கும்! ஆங்கில எழுத்தில் தட்டும் தமிழ் வசவுக்கு ஒவ்வொரு எழுத்துக்கூட்டலையும் தனியாகச் சேர்க்கணும். தண்டனை 10 நிமிட டைம்அவுட் (அதுவரை எதுவும் எழுத முடியாது).

எதிர்பாராதது: அட்மின் கணக்கை ஆட்டோமாட் தொடாது. சாதாரணக் கணக்கில் சோதியுங்கள், இல்லாவிட்டால் விதி செத்துக் கிடப்பதுபோலத் தெரியும். குரல் சேனலையும் அது கேட்காது. அங்கே மாடரேட்டர் கையால் மியூட் செய்வதுதான் வழி.

வானவில் ரோலை (பெயரோடு சேரும் அடையாளப் பட்டத்தை) அவரவரே எடுத்துக்கொள்ளும்படி வைத்தாயிற்று. ஆனால் ரோல் சர்வரில் எல்லாருக்கும் தெரியும், நம்ம ஊரில் அதே சர்வரில் சித்தப்பா பையனும் இருப்பான். நிக்நேம் மாற்றினாலும் யூசர்நேம் மறையாது. வீட்டில் சொல்லாதவர்கள் தனிக் கணக்கு வைத்து, ஸ்டீம் (கேம் தளம்) கணக்கின் இணைப்பை ப்ரொஃபைலில் காட்டாமல் அணைத்துவிடுங்கள்.