எல்லையில் நின்றுவிடும் வடிகால்: சென்னையின் தென்புறநகர் உள்ளாட்சிகளில் நாம் கண்டவை

ஓய்வுபெற்ற வரைவாளர், தாம்பரம் வட்டாரம்

பக்கத்துப் பக்கத்து ஊர்களுக்குச் சேர்த்துத் திட்டமிடுவது பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் என் நினைவுக்கு வருவது ஒரு சிறுபாலம்தான். தென்புறநகரில் ஒரு நகராட்சியும் ஒரு பேரூராட்சியும் ஒட்டியிருந்த இடத்தில் அது இருந்தது. ஊர்ப் பெயர்கள் இங்கே வேண்டாம். எங்கள் நகராட்சியின் மழைநீர் வடிகால் அந்தப் பாலத்தோடு முடியும். பாலத்துக்கு அப்பால் பேரூராட்சியின் வடிகால் தொடங்கும். இரண்டும் ஓராண்டு இடைவெளியில் புதிதாகக் கட்டப்பட்டவை. ஆனாலும் ஒவ்வொரு ஐப்பசியிலும் பாலத்துக்கு மேற்கே இரண்டு தெருக்களில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது.

இரண்டு வரைபடங்களையும் மேசையில் அருகருகே விரித்துப் பார்த்தேன். எங்கள் வடிகாலின் அடிமட்டம் பாலத்தருகே 98.40 மீட்டர் என்றும், அவர்களுடையது அங்கே 98.35 என்றும் எழுதப்பட்டிருந்தன. காகிதத்தின்படி தண்ணீர் தடையின்றி ஓடியிருக்க வேண்டும். பிறகுதான் ஓரத்தில் பொடியெழுத்தில் இருந்த குறிப்பு கண்ணில் பட்டது. எங்கள் ஒப்பந்ததாரர் ஒரு பள்ளிக்கூடத்தின் வாசற்படியை 100.00 என்று வைத்துக்கொண்டு மட்டம் எடுத்திருந்தார். அவர்களுடையவர் ஒரு கோயிலின் வாசற்படியை 100.00 என்று வைத்துக்கொண்டிருந்தார். கடல் மட்டத்தோடு இணைந்த தளக்குறியிலிருந்து (உயரத்தை முன்பே அளந்து குறித்துவைத்த இடம்) அளவைக் கொண்டுவர இருவரும் மெனக்கெடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், நானும் அளவுகோல் பிடிக்க ஒரு தம்பியுமாக, டம்பி லெவல் என்ற மட்டம் பார்க்கும் கருவியை வைத்துப் பள்ளிப் படியிலிருந்து கோயில் படி வரை மட்டத்தைக் கடத்திக்கொண்டு போனோம். கோயில் படி 60 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தது. அப்படியானால் அவர்களுடைய வடிகாலின் அடிமட்டம் எங்கள் கணக்கில் 98.95; எங்களுடையதைவிட அரை மீட்டருக்கும் மேலான உயரம். தண்ணீர் மேடேறிப் போகாததற்குத் தண்ணீரைக் குறை சொல்ல முடியாது.

இதை ஒரு சிறு அலுவலகத்தின் கவனக்குறைவு என்று தள்ளிவிடலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சிட்லபாக்கம் ஏரியில் மிகுந்த நீர் செம்பாக்கம், நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் ஏரிகள் வழியாகப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை அடைகிறது. 2021 வரை அந்த நீர் ஒரு பேரூராட்சியில் புறப்பட்டு, ஒரு நகராட்சியைத் தாண்டி, ஒரு கிராம ஊராட்சிக்குள் நுழைந்து, இன்னொரு நகராட்சியைக் கடந்து, கடைசியில் சென்னை மாநகராட்சிக்குள் வந்து சேர்ந்தது. ஏரிகளின் பொறுப்பும் இப்படிப் பிரிந்ததுதான்: நாற்பது ஹெக்டேருக்குக் குறைவான ஆயக்கட்டு (பாசனம் பெறும் நிலம்) உள்ளவை ஊராட்சி ஒன்றியத்துக்கு, பெரியவை பொதுப்பணித் துறைக்கு என்பது பழைய ஏற்பாடு. ஏரி நிரம்பினால் நீர் வழியும் கலங்கலைப் பராமரிப்பவர் ஒருவர், அதிலிருந்து இறங்கும் போக்குக் கால்வாயின் மீது பட்டா இருக்கிறதா என்று பார்ப்பவர் வேறொருவர், கால்வாய்க் கரையில் வீட்டுக்கு அனுமதி கொடுப்பவர் மூன்றாமவர். இவர்கள் மூவரையும் ஒரே மேசையில் உட்கார வைத்த கூட்டம் ஒன்றை என் பணிக்காலத்தில் நான் பார்த்ததில்லை.

முடிச்சூர்ப் பகுதிவாசி

வரைவாளர் ஐயா மட்டக்கணக்கில் சொன்னதை நாங்கள் 2015 டிசம்பரில் உடம்பால் தெரிந்துகொண்டோம். அன்று இரவு தண்ணீர் மாடிப்படியில் ஒவ்வொரு படியாக ஏறியதை எண்ணிக்கொண்டிருந்தேன். ஒன்பதாவது படியில் நின்றது. கீழ்த்தளத்தில் இருந்த மாமியாரின் தையல் இயந்திரம், பிள்ளைகளின் சான்றிதழ்கள் எல்லாம் போயின. மறுநாள் ஊரே செம்பரம்பாக்கம் ஏரியைத் திட்டியது, நானும் சேர்ந்து திட்டினேன்.

பிறகு வரைபடத்தைப் பார்த்தபோதுதான் ஒன்று புரிந்தது. செம்பரம்பாக்கத்தின் உபரிநீர் திருநீர்மலைப் பக்கத்தில்தான் அடையாற்றில் கலக்கிறது. நாங்கள் இருப்பது அதற்கு மேலே. எங்களை மூழ்கடித்தது, பெரும்பாலும், தெற்கே நந்திவரம், ஊரப்பாக்கம், ஆதனூர், மண்ணிவாக்கம் பக்கத்து ஏரிகளிலிருந்து வழிந்து வந்த நீர். அந்த ஏரிகளுக்கிடையே வயலாக இருந்த நிலம் இருபது ஆண்டுகளில் மனைப்பிரிவாக மாறியிருந்தது. அதைவிட எனக்கு வியப்பாக இருந்தது, அதே ஆற்றின் மேல்பகுதிக்கும் கீழ்ப்பகுதிக்கும் திட்ட அலுவலகமே வேறு என்பதுதான். சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் எல்லை அப்போது 1189 சதுர கிலோமீட்டர். முடிச்சூர் அதற்குள் இருந்தது, நந்திவரம்–கூடுவாஞ்சேரி வெளியே இருந்தது. எங்கள் ஊரில் மனை வாங்குபவர் ஒரு குழுமத்தின் ஒப்புதலைக் கேட்பார், அங்கே வாங்குபவர் நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் ஒப்புதலைக் கேட்பார். 2008இல் வந்த இரண்டாம் முழுமைத் திட்டம் 2026 வரைக்குமான நிலப் பயன்பாட்டை வண்ணம் தீட்டிக் காட்டியது. ஆனால் எங்களுக்கு வெள்ளம் வரும் திசையில் அந்த வண்ணம் பாதியில் நின்றுவிட்டது.

2022 அக்டோபரில் எல்லையை 5904 சதுர கிலோமீட்டராக விரித்தார்கள். ஆற்றின் மேல்பகுதியும் கீழ்ப்பகுதியும் இப்போது ஒரே குடையின் கீழ் வந்துவிட்டன என்ற அளவில் அது எனக்கு ஆறுதல்தான். ஆனால் ஐந்து மடங்கு பெரிதான பரப்பில் எங்கள் தெருக்கோடிக் கால்வாயை யார் நினைவில் வைத்திருப்பார்கள் என்ற கேள்வியும் கூடவே வருகிறது.

முன்னாள் மன்ற உறுப்பினர்

உறுப்பினராக இருந்தவள் என்பதால் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். அடுத்த ஊரோடு சேர்ந்து வேலை செய்ய மனமில்லாமல் நாங்கள் இருந்தோம் என்று நினைக்காதீர்கள், கை கட்டப்பட்டிருந்தது. எங்கள் எல்லை தாண்டி நாற்பது மீட்டர் கால்வாயைத் தூர்வாரினால் எங்கள் வார்டுக்கு வெள்ளமே வராது என்று பொறியாளரே சொன்னார். மன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தேன். நிர்வாக அலுவலர் கோப்பை மூடிவிட்டு, எல்லைக்கு வெளியே ஒரு ரூபாய் செலவழித்தாலும் தணிக்கைத் தடை வரும், அப்புறம் அது என் ஓய்வூதியத்தில் பிடிக்கப்படும் அம்மா என்றார். அவர் சொன்னதிலும் தவறில்லை.

கடைசியில் பணத்தை அந்த உள்ளாட்சிக்கே செலுத்தி அவர்களைச் செய்யச் சொல்வது என்று முடிவாயிற்று. அலுவலகத்தில் அதை டெபாசிட் ஒர்க் என்பார்கள். அதற்கு அவர்களுடைய மன்றமும் தீர்மானம் போட வேண்டும். அவர்கள் தலைவர் வேறு கட்சி. எங்கள் ஊர்த் தண்ணீருக்கு அவர் ஏன் கையெழுத்துப் போட வேண்டும் என்று அவருடைய ஆட்களே கேட்டார்கள். மூன்றாவது கூட்டத்தில்தான் தீர்மானம் நிறைவேறியது, அதற்குள் ஒரு மழைக்காலம் போய்விட்டது. நாற்பது மீட்டருக்குப் பதினான்கு மாதங்கள்.

அரசியலமைப்பின் 74ஆவது திருத்தம் 1993இல் நடைமுறைக்கு வந்தபோது, பெருநகரத் திட்டக் குழு ஒன்று அமைய வேண்டும், அதில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாத உறுப்பினர்களை உள்ளாட்சிகளில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களே தங்களுக்குள் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று எழுதிவைத்தார்கள். அந்தப் பிரிவை நான் பயிற்சி வகுப்பில் படித்தேன். என்னைப் போன்ற ஒருத்தியும் அந்தப் பக்கத்துத் தலைவரும் மாதம் ஒருமுறை சந்திக்கும் இடமாக அப்படி ஒன்று எங்களுக்கு இருந்திருந்தால், டீ குடித்து முடிப்பதற்குள் அந்தக் கால்வாய்ப் பேச்சு முடிந்திருக்கும்.

ஓய்வுபெற்ற வரைவாளர்

அம்மா சொன்ன பதினான்கு மாதங்களைப் படித்துச் சிரிப்பதா வருந்துவதா என்று தெரியவில்லை. 2021இல் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்துத் தாம்பரம் மாநகராட்சி ஆக்கியதால் இத்தகைய கடிதப் போக்குவரத்தில் ஒரு பகுதி குறைந்திருக்க வேண்டும். ஆனால் இணைப்பே தீர்வு என்று சொல்பவர்களோடு நான் உடன்படவில்லை. இணைத்தால் எல்லை மறைவதில்லை, சில கிலோமீட்டர் தள்ளிப் போகிறது. கீழ்க்கட்டளைக்கும் நாராயணபுரத்துக்கும் இடையே இன்றைக்கும் இரண்டு மாநகராட்சிகள் இருக்கின்றன. கோயில் படியும் பள்ளிப் படியும் ஒரே மாநகராட்சிக்குள் வந்துவிட்டாலும் பழைய வரைபடங்களின் எண்கள் தாமாகத் திருந்திக்கொள்ளப் போவதில்லை.

2046 வரைக்கான மூன்றாம் முழுமைத் திட்டத்துக்கு மக்களிடம் கருத்துக் கேட்டபோது பலரும் சாலை, மெட்ரோ, தளப்பரப்புக் குறியீடு (மனையின் அளவுக்கு எவ்வளவு கட்டலாம் என்ற கணக்கு) என்று எழுதினார்கள். நான் ஒரே ஒரு பக்கம் எழுதி அனுப்பினேன். ஏரிக் கலங்கல்கள், மதகுகள், சிறுபாலங்கள், வடிகால் முடிவிடங்கள் அனைத்தின் அடிமட்டத்தையும் கடல் மட்டக் கணக்கில் அளந்து, எந்த உள்ளாட்சியின் எல்லைக் கோடும் இல்லாத ஒரே வரைபடத்தில் குறித்து, வீட்டு அனுமதிக்கு விண்ணப்பிக்கும் எவரும் பார்க்கும்படி வைக்க வேண்டும் என்பதுதான் அது. அந்தச் சிறுபாலத்தின் இரண்டு அளவுகளையும், ஞாயிற்றுக்கிழமை எடுத்த மட்டக் குறிப்பேட்டின் நகலோடு, இணைப்பாக வைத்தேன். உங்கள் பகுதியில் வடிகால் எங்கே தொடங்கி எங்கே நின்றுபோகிறது என்று நடந்து பார்த்தவர்கள் இருந்தால், இடத்தையும் இரு பக்க அகலத்தையும் இங்கே எழுதுங்கள். மட்டம் எடுக்க என்னிடம் டம்பி லெவல் இன்னும் இருக்கிறது.