வாட்டில் 9ஆம் நாள், காய்ச்சல் இல்லை, திடீரென்று தடுமாற்றம்: அறளையா (முதுமை மறதியா), கொரோனாவா?

வாவிக்கரை:

நோயாளிக்கு 82 வயது, பெண், 42 கிலோ. இடுப்பெலும்பு முறிவுக்குச் சத்திரசிகிச்சை முடிந்து, வாட்டுக்கு வந்து இன்று 9ஆம் நாள். சீனியும் பிரஷரும் இருக்கின்றன. மெற்போமின் (சீனிக்கு), லொசாட்டன் (பிரஷருக்கு), அட்டோவஸ்டட்டின் (கொழுப்புக்கு) எடுக்கிறவர். இரண்டு கட்டில் தள்ளிப் படுத்திருந்தவருக்குக் கொரோனா என்று மூன்று நாளைக்கு முன் வேறு அறைக்கு மாற்றினார்கள்.

நேற்று இரவிலிருந்து இவருடைய பேச்சு மாறிவிட்டது. பின்னேரத்தை விடியற்காலை என்கிறார், சேலைன் குழாயைப் பிடுங்கப் பார்க்கிறார், பகல் முழுக்கத் தூக்கம். கஞ்சி இரண்டு கரண்டிக்கு மேல் இறங்கவில்லை. இருமல் இல்லை, தடிமன் இல்லை. உடல் வெப்பம் 98.9. விரலில் மாட்டும் ஒட்சிமீற்றர் இரத்த ஒட்சிசன் 93 சதவீதம் காட்டுகிறது. காலையில் எடுத்த அன்டிஜன் நெகட்டிவ்.

பார்க்க வருகிற எல்லாரும் "அறளை பெயர்ந்திட்டு, வீட்டுக்குக் கொண்டு போனால் சரியாயிடும்" என்கிறார்கள். துணைக்கு நிற்கிறவர்கள் எதைக் கவனிக்க வேண்டும், டொக்டரிடம் எதைக் கேட்க வேண்டும்?

மாத்திரைக்கோல்:

தம்பி, அறளை ஒரே இரவில் பெயராது. அது மாதக்கணக்கில், வருசக்கணக்கில் மெல்ல மெல்ல வருவது. நேற்றுப் பின்னேரம் தெளிவாகப் பேசியவர் இன்று நாள், பொழுது தெரியாமல் இருந்தால் அது உடம்புக்குள் புதிதாக ஏதோ நடக்கிறதன் அறிகுறி. 2020இல் அமெரிக்காவின் அவசர சிகிச்சைப் பிரிவுகளுக்கு வந்த, கொரோனா உறுதியான 65 வயதும் அதற்கு மேலுமான 817 பேரைப் பார்த்தபோது 28 சதவீதமானவர்களுக்கு வரும்போதே இந்தத் தடுமாற்றம் இருந்தது. அப்படித் தடுமாறியவர்களில் 37 சதவீதமானவர்களுக்குக் காய்ச்சலோ மூச்சுத்திணறலோ இருக்கவில்லை. இருமலுக்காகக் காத்திருந்தால் பிந்திவிடும்.

அடுத்தது, 98.9ஐக் காய்ச்சல் இல்லை என்று எழுதிவிட வேண்டாம். வயதானவர்களின் வழக்கமான வெப்பமே குறைவு. கட்டில் சாட்டில் முதல் நாட்களின் கணக்கைப் பாருங்கள். வழக்கமாக 96.8 இருந்தவருக்கு 98.9 என்றால் 2.1 பாகை ஏறியிருக்கிறது. முதியவர்களில் வழக்கத்தைவிட 2 பாகை பரனைட் ஏறினாலே காய்ச்சலாகத்தான் எடுப்பது. பெனடோல் (பரசிட்டமோல்) கொடுத்து எத்தனை மணித்தியாலத்துக்குப் பின் அளந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேணும்; சத்திரசிகிச்சை செய்தவருக்கு நோவுக்காக அது ஓடிக்கொண்டிருக்கும்.

ஒரு அன்டிஜன் நெகட்டிவ் என்றால் கொரோனா இல்லை என்று ஆகாது. வைரஸ் குறைவாக இருக்கும் முதல் நாட்களில் அது தவறவிடும். அறிகுறி இருக்கிறபடியால் பீசீஆர் கேளுங்கள். அது முடியாவிட்டால் 48 மணித்தியாலம் கழித்துத் திரும்ப அன்டிஜன். முடிவு வரும்வரை பொசிற்றிவ் போலவே நடத்த வேண்டும்.

எங்கே தொற்றியது என்பதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. அனுமதித்து 3 முதல் 7 நாளுக்குள் தொடங்கினால் வெளியிலா உள்ளேயா என்று சொல்ல முடியாது. 8 முதல் 14 நாள் என்றால் பெரும்பாலும் வாட்டில் தொற்றியது, 14 நாள் கடந்தால் நிச்சயமாக வாட்டில்தான். 9ஆம் நாள் என்பதால் அதே வாட்டில் மற்றவர்களையும் சோதிக்க வேண்டியிருக்கும். இதைச் சொல்வது யாரையும் குற்றம் சாட்டுவதற்கில்லை.

கொரோனா மட்டும்தான் காரணம் என்றும் கட்டிப்பிடிக்க வேண்டாம். சலம் (சிறுநீர்) அடைத்தல், மலச்சிக்கல், சோடியம் குறைதல், சீனி இறங்குதல், சத்திரசிகிச்சைக் காயத்தில் கிருமி, நோவுக்குக் கொடுத்த ட்ரமடோல், எல்லாமே இதே கோலத்தைக் காட்டும். டொக்டரிடம் "குழப்பமாக இருக்கிறா" என்று மட்டும் சொல்லாமல், "நேற்று 6 மணி வரை தெளிவு, 10 மணியிலிருந்து மாற்றம், சாப்பாடு இவ்வளவு, சலம் கடைசியாக இத்தனை மணிக்கு" என்று நேரத்தோடு சொல்லுங்கள். வாட்டு ரவுண்டில் 2 நிமிடம்தான் கிடைக்கும். வழமையான ஆளை வழமையாகத் தெரிந்தவர் நீங்கள்தான், தாதிக்கு அவரை 9 நாள்தான் தெரியும்.

கல்முனை மிஸ்:

மேலே சொன்னதோடு ஒட்சிமீற்றரைப் பற்றி. 93ஐ நம்ப முதல் விரலைப் பாருங்கள். குளிர்ந்த விரல், நகப்பூச்சு, கறுப்பு மருதோன்றி, கை நடுக்கம், எல்லாம் கணக்கைக் குழப்பும். கையைத் தேய்த்துச் சூடாக்கி, நடுவிரலில் மாட்டி, ஒரு நிமிடம் ஆடாமல் வைத்துப் பிறகு வாசியுங்கள். அதில் காட்டும் நாடித்துடிப்பு, மணிக்கட்டில் நீங்கள் எண்ணுகிற துடிப்போடு ஒத்துப்போக வேண்டும். கருமையான தோலில் இந்தக் கருவி உண்மையைவிடக் கொஞ்சம் கூட்டிக் காட்டும் என்பதையும் மனதில் வையுங்கள்.

அதைவிட முக்கியம் மூச்சை எண்ணுவது. நோயாளிக்குச் சொல்லாமல், வயிறு ஏறி இறங்குவதைப் பார்த்து முழு ஒரு நிமிடம் எண்ணுங்கள். 15 செக்கனை நான்கால் பெருக்குகிற வேலை வேண்டாம். 24க்கு மேல் என்றால் உடனே மிஸ்ஸிடம் (தாதியிடம்) சொல்லுங்கள். 30க்கு மேல் என்றால் ஒட்சிமீற்றர் என்ன காட்டினாலும் கடும் நிலை. கொரோனா வருத்தத்தில் ஒட்சிசன் இறங்கினாலும் ஆள் இளைக்காமல் பேசிக்கொண்டிருப்பார்.

ஒட்சிசன் தொடங்கினால் மூக்குக் குழாயில் 1 முதல் 4 லீற்றர். அது மூக்கை உறுத்துகிறது என்று முகக் கவசத்துக்கு மாற்றிவிட்டு அதே 2 லீற்றரில் விடுகிற பிழை நடக்கும். சாதாரண முகக் கவசத்துக்குக் குறைந்தது 5 லீற்றர் வேணும், இல்லாவிட்டால் விட்ட மூச்சையே திரும்ப இழுப்பார். இலக்கு 92 முதல் 96. நெடுநாள் முட்டு (நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்) உள்ளவருக்கு மட்டும் 88 முதல் 92. அவர்களுக்கு 100க்கு ஏற்றினால் காபனீரொட்சைட்டு தேங்கி இன்னும் தூங்கிவிடுவார்கள்.

குப்புறப் படுக்க வைக்கச் சொல்லி வாட்ஸ்அப்பில் வரும். புது இடுப்புச் சத்திரசிகிச்சைக்கு அது வேண்டாம். தலைப்பக்கத்தை 30 முதல் 45 பாகை உயர்த்துங்கள். சத்திரசிகிச்சை டொக்டர் விட்டால் பகலில் சாப்பாட்டு நேரங்களில் கதிரையில் இருத்துங்கள். இரண்டு மணிக்கு ஒருமுறை பக்கம் மாற்றுதல், குதிக்காலுக்கும் முதுகடிக்கும் கண்ணால் பார்த்தல். ஒட்சிசன் குழாய் காதுக்குப் பின்னால் அழுத்தும் இடத்திலும் புண் வரும், அதை எல்லாரும் மறந்துவிடுவார்கள்.

ஊட்டும்போது நிமிர்ந்து இருக்க வேண்டும். தூங்கி வழிகிறவர் வாயில் கஞ்சியை ஊற்றினால் அது நெஞ்சுக்குள் போகும். கொரோனாவை விட அந்த நிமோனியா ஆளை முடித்துவிடும். விழித்திருக்கிற நேரம் பார்த்து, தேக்கரண்டியில், விழுங்கியதை உறுதி செய்து அடுத்தது. சாப்பிட்ட பிறகு 30 நிமிடம் படுக்க விட வேண்டாம்.

தடுமாற்றத்துக்குக் கையைக் கட்டிலில் கட்டாதீர்கள், அது பிடுங்கலைக் கூட்டும். கண்ணாடி, பல் செற், காதுக் கருவி வீட்டில் கிடந்தால் இன்றைக்கே கொண்டு வாருங்கள். முகக் கவசம் போட்டவர்கள் பேசுவது காது மந்தமானவருக்கு வெறும் முணுமுணுப்பு. பகலில் யன்னல் வெளிச்சம், இரவில் வெளிச்சம் குறைவு, துணைக்கு ஒரே ஆள், மாறி மாறி ஆறு பேர் வேண்டாம். மாரியில் வாடைக்காற்றுக்குப் பயந்து வாட்டு யன்னல் எல்லாம் பூட்டுவார்கள். நோயாளியைப் போர்வையால் மூடுங்கள், யன்னலை மூடாதீர்கள்.

குளிசைப்பெட்டி:

மருந்துப் பக்கம். கிளினிக் கொப்பியை வாட்டு டொக்டரிடம் காட்டிக் கேட்க வேண்டியவை இவை. சாப்பிடாமல், தண்ணீர் குடிக்காமல் இருக்கும் முதியவருக்கு மெற்போமினும் லொசாட்டனும் சிறுநீரகம் தளர்கிற நேரத்தில் ஆபத்து. சாப்பாடு சரியாகும்வரை நிறுத்தி வைப்பதா என்று கேளுங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம். நிர்மற்றெல்விர், ரிட்டோனவிர் சேர்ந்த வைரஸ் எதிர்ப்புக் குளிசை கொடுப்பதென்றால் அறிகுறி தொடங்கி 5 நாளுக்குள் தொடங்க வேண்டும், சிறுநீரக அளவு பார்த்து அளவைக் குறைக்க வேண்டும். அட்டோவஸ்டட்டினை அந்த நாட்களில் நிறுத்திவைப்பது வழக்கம். சிம்வஸ்டட்டின் என்றால் சேர்க்கவே கூடாது. அம்லோடிப்பின் என்ற பிரஷர் குளிசை போடுகிறவருக்குப் பிரஷர் விழலாம்.

பெனடோல் 42 கிலோவுக்கு 500 மில்லிகிராம் ஒன்று, 6 மணிக்கு ஒருமுறை. இரண்டு இரண்டாகப் போட வேண்டாம்.

தடிமன் வந்தால் பையில் இருக்கிற பிரிட்டோனைக் (குளோர்பெனிரமின்) கொடுப்பது நம் ஊரில் சர்வசாதாரணம். முதியவருக்கு அது சலத்தை அடைக்கும், தடுமாற்றத்தைக் கூட்டும். கொடுக்கவே வேண்டாம். கொரோனாவுக்கு மட்டும் என்று அசித்ரோமைசின் அன்டிபயோட்டிக்கும் தேவையில்லை.

படுக்கையில் கிடக்கிற, இடுப்பு உடைந்த, கொரோனா உள்ள ஒருவருக்கு இரத்தக்கட்டி வர மூன்று காரணம். அதைத் தடுக்க வயிற்றுத் தோலில் போடும் இனொக்சபரின் ஊசி ஓடுகிறதா என்று பாருங்கள். வழமை நாளுக்கு 40 மில்லிகிராம். சிறுநீரகம் மோசமானால் அல்லது எடை குறைவென்றால் அளவு குறைப்பார்கள். கெண்டைக்கால் ஒரு பக்கம் வீங்கினால், ஒட்சிசன் திடீரென்று விழுந்தால் உடனே சொல்ல வேண்டும்.

வாவிக்கரை:

எல்லாருக்கும் நன்றி. பீசீஆர் பொசிற்றிவ். நேற்று இரவு 89க்கு இறங்கி, 2 லீற்றரில் 94. டெக்ஸாமெதசோன் (ஸ்டீரொயிட்) 6 மில்லிகிராம் தொடங்கியிருக்கிறார்கள். காலைச் சீனி 140தான், ஆனால் பின்னேரம் 310. வீட்டிலிருந்து நெபுலைசர் கொண்டு வரலாமா? ஒருவர் ஐவர்மெக்டின் என்ற புழு மருந்தும் வாங்கி வைத்திருக்கிறார்.

மாத்திரைக்கோல்:

டெக்ஸாமெதசோன் சரியான முடிவு. ஒட்சிசன் தேவைப்பட்டவர்களுக்குத்தான் அது உயிர் காக்கிறது. 2020இல் பிரித்தானியாவில் நடந்த ரிக்கவரி ஆய்வில் ஒட்சிசன் மட்டும் எடுத்தவர்களில் 28 நாளுக்குள் இறந்தோர் 26.2 சதவீதத்திலிருந்து 23.3 ஆகக் குறைந்தது. ஒட்சிசன் தேவைப்படாதவர்களில் பயன் இல்லை. அதனால்தான் முதல் நாளே தொடங்கவில்லை. உச்சக் காலம் 10 நாள், அதற்கு முன் வீட்டுக்குப் போனால் நிறுத்துவது வழக்கம்.

காலையில் போட்ட ஸ்டீரொயிட் சீனியைப் பகலுக்குப் பிறகுதான் ஏற்றும். காலை வெறுவயிற்றுக் கணக்கை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். மதியச் சாப்பாட்டுக்கு முன்னும் இரவுச் சாப்பாட்டுக்கு முன்னும் குத்திப் பார்க்கச் சொல்லுங்கள், 310க்கு இன்சுலின் தேவைப்படலாம். ஸ்டீரொயிட் நிறுத்தும் நாளில் இன்சுலினும் குறைய வேண்டும், இல்லாவிட்டால் இரவில் சீனி விழும்.

ஐவர்மெக்டின் கொரோனாவுக்கு வேலை செய்யாது. ஆனால் வேறொரு கேள்வி: நோயாளி வயலில் வெறுங்காலோடு வேலை செய்தவரா? மண்ணிலிருந்து பாதத்தின் வழி ஏறும் ஸ்ட்ரொங்கிலொய்டிஸ் புழு பத்து, இருபது வருசம் சத்தமில்லாமல் குடலில் இருக்கும். ஸ்டீரொயிட் கிடைத்தவுடன் பல்கி நுரையீரல் வரை பரவும். மலப் பரிசோதனை தவறவிடலாம். இதை டொக்டரிடம் சொல்லுங்கள். அதற்கு ஐவர்மெக்டின் கொடுப்பதா என்று அவர் எடை பார்த்து முடிவு செய்வார். வாங்கி வைத்தவர் பெட்டியைப் பூட்டி வைக்கட்டும்.

கல்முனை மிஸ்:

நெபுலைசர் வேண்டாம். முட்டு இல்லாதவருக்கு அதில் பயன் இல்லை, புகை மாதிரி வருகிறது வைரஸையும் சேர்த்து வாட்டெல்லாம் பரப்பும். முட்டு இருந்தால் இன்ஹேலரும், அதில் மாட்டி இழுக்கிற ஸ்பேசர் குழாயும்.

கட்டில் சட்டம், மேசை, தொலைபேசி துடைக்க 5 சதவீதக் குளோரின் திரவத்தில் 20 மில்லிலீற்றரை 980 மில்லிலீற்றர் தண்ணீரில். அன்றன்றைக்குக் கலக்கவும். டெற்றோலோடோ கழிவறை அமிலத்தோடோ சேர்க்கக் கூடாது, அமிலத்தோடு சேர்ந்தால் நச்சு வாயு வரும். துடைத்து ஈரமாகவே விட்டுத் தானாகக் காயட்டும்.

வீட்டுக்கு விடும்போது "பீசீஆர் நெகட்டிவ் ஆகட்டும்" என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். செத்த வைரஸ் துணுக்கு வாரக்கணக்கில் பொசிற்றிவ் காட்டும். தொடங்கி 10 நாள் கடந்து, காய்ச்சல் இல்லாமல், மூச்சு தேறினால் போதும். நோய் கடுமையானவருக்கும் எதிர்ப்புச் சக்தி மிகக் குறைந்தவருக்கும் 20 நாள் வரை பார்ப்பார்கள்.

வீட்டில் வெறும் சோற்றுக்கஞ்சியிலும் குரக்கனிலும் விட்டுவிட்டால் கால் தேறாது. 42 கிலோவுக்கு நாளைக்கு 50 கிராம் புரதம் வேணும், சிறுநீரகம் இடம் கொடுத்தால். ஒரு முட்டை 6 கிராம், சமைத்த மீன் 100 கிராமில் 20 கிராம் அளவில். மீதிக்குப் பருப்பும் எருமைத் தயிரும். போன முதல் வாரம் கதிரையிலிருந்து எழும்பி நடந்த உடனே ஒட்சிமீற்றர் மாட்டிப் பாருங்கள். இருந்தபோது காட்டியதைவிட 3 இறங்கினால், அல்லது திரும்பவும் பேச்சுத் தடுமாறினால், 1990 அம்புலன்சுக்கு அடித்து அதே கிளினிக் கொப்பியோடு திரும்ப வாருங்கள்.