மூணு கேமரா மிரர் டேஷ்கேம்: ஓட்டத்துலேயே ஆஃப் ஆகி ஆன் ஆகுது, பின் கேமரா விட்டு விட்டு வருது. உதவி வேணும்

பாளை டிரைவர்
வண்டியோட உள்கண்ணாடி மேல ரப்பர் பட்டை போட்டு மாட்டுற 12 இன்ச் மிரர் டேஷ்கேம் (ஓட்டும்போது ரோட்டை வீடியோ எடுக்கிற கேமரா), புதுசு. முன்னால, உள்ள, பின்னாலன்னு மூணு கேமரா. படத்துல குறை சொல்ல முடியாது. பகல்ல முன்னால போற லாரியோட நம்பர் தெளிவா இருக்கு, பின்சீட்டுல ஆளும் மூட்டையும் நிறைஞ்சிருந்தாலும் பின்னால வர்ற வண்டி திரையில தெரியுது.

சிக்கல் என்னன்னா, ஓடிக்கிட்டிருக்கும்போதே திரை அணைஞ்சு மறுபடி லோகோ வருது. காலையில தூத்துக்குடி ரோட்டுலயும் வருது, மத்தியானம் இன்னும் அதிகம். பின் கேமரா படம் நடுநடுவே கருப்பாகுது. ரிவர்ஸ் போட்டா பார்க்கிங் கோடு வரலை. ராத்திரி தெருவிளக்கெல்லாம் துடிக்குது. கரண்ட் ஸ்டீரியோவுக்குக் கீழ உள்ள யூஎஸ்பி போர்ட்ல இருந்து எடுத்திருக்கு. கார்டு பழைய போன்ல இருந்த 64 ஜிபி. பீஸே கோளாறா? ரிட்டர்ன் தேதிக்குள்ள முடிவு பண்ணணும்.

தச்சநல்லூர் வயர்மேன்
திருப்பி அனுப்ப அவசரப்படாதீங்க அண்ணாச்சி. நீங்க சொல்றதுல முக்கால்வாசி கரண்ட் கோளாறு.

ஸ்டீரியோ யூஎஸ்பி போர்ட் பாட்டு கேட்கவும் போனை இணைக்கவும் வச்சது. பல வண்டிகள்ல அது அரை ஆம்பியர்ல இருந்து ஒரு ஆம்பியர்தான் தரும். மூணு கேமராவும் பெரிய திரையும் சேர்ந்தா ஒரு ஆம்பியருக்கு மேல இழுக்கும், ஆன் ஆகுற நொடியில இன்னும் கூட. இதோட வயர் நஷ்டமும் இருக்கு. மூணரை மீட்டர் மெல்லிசு வயர்ல 1.2 ஆம்பியர் ஓடினா வழியிலேயே ஒரு வோல்ட் வரைக்கும் விழும். 5 வோல்ட் புறப்பட்டு 4 வோல்ட்தான் போய்ச் சேரும். அந்த நிலைமையில முதல்ல தடுமாறுறது பின் கேமராதான், ஏன்னா அதுக்கும் ஆறு மீட்டர் கேபிள் வழியா மிரர்தான் கரண்ட் கொடுக்கணும். அப்புறம் மொத்தமும் ரீஸ்டார்ட்.

ஒரு யூஎஸ்பி டெஸ்டர் (வோல்ட் அளவு காட்டுற சின்ன மீட்டர்) வாங்கி மிரர் பக்கத்து முனையில மாட்டிப் பாருங்க, சார்ஜர் பக்கம் வேண்டாம். மூணு கேமராவும் ரெக்கார்டு ஆகும்போது 4.75 வோல்ட்டுக்குக் கீழ போச்சுன்னா வேற எதையும் தேட வேண்டாம். டெஸ்டர் இல்லைன்னா பின் கேமரா ஜாக்கைப் பிடுங்கிட்டு அரை மணி ஓட்டுங்க. ரீஸ்டார்ட் நின்னுட்டா அதுவும் இதே பதில்தான்.

எப்போ அணையுதுங்கறதையும் கவனிங்க. மூணு நிமிஷ லூப் (வீடியோவை மூணு மூணு நிமிஷ ஃபைலா எழுதி, கார்டு நிறைஞ்சா பழசை அழிக்கிறது) வச்சிருந்து, சரியா மூணு நிமிஷத்துக்கு ஒருக்கா அணைஞ்சா கார்டுதான் காரணம். ஒரு ஃபைலை மூடி அடுத்ததைத் திறக்கிற இடத்துல கார்டு திணறுது. நேரங்காலம் இல்லாம அணைஞ்சா கரண்ட். வெயில்ல நிறுத்தி எடுத்த உடனே மட்டும் அணைஞ்சா சூடு.

பாளை டிரைவர்
மிரர் முனையில 4.4 வோல்ட்தான் காட்டுது அண்ணாச்சி. ஒழுங்கே இல்லாம அணையுது. கூட வந்த சிகரெட் லைட்டர் சார்ஜர்ல போட்டா 5.0, ரீஸ்டார்ட் இல்லை. ஆனா அந்த சாக்கெட் போனுக்கு வேணும். ஃபியூஸ் பாக்ஸ்ல இருந்து எடுத்துக்கிடலாமா?

தச்சநல்லூர் வயர்மேன்
தாராளமா எடுத்துக்கிடலாம். அந்த மாடலுக்குன்னே வர்ற ஹார்டுவயர் கிட் (ஃபியூஸ் பாக்ஸ் 12 வோல்ட்டை 5 வோல்ட்டாக்கிக் கேமராவுக்குக் கொடுக்கிறது) வாங்குங்க. மூணு வயர் வரும். மஞ்சள் எப்பவும் கரண்ட் உள்ள ஃபியூஸுக்கு, சிவப்பு சாவி போட்டா மட்டும் வர்ற ஃபியூஸுக்கு, கருப்பு எர்த்துக்கு. நிறத்தை நம்பி நிக்காம கிட் மேல எழுதியிருக்கிறதையும் வாசிச்சுக்கிடுங்க.

மல்டிமீட்டர்ல சாவி போட்டும் எடுத்தும் பாத்து ஃபியூஸைத் தேர்ந்தெடுங்க. சிவப்புக்கு லைட்டர் சாக்கெட் ஃபியூஸ், மஞ்சளுக்கு ரூம் லைட் ஃபியூஸ் பல வண்டிக்கு ஒத்துவரும். ஏர்பேக், ஏபிஎஸ், இன்ஜின் கம்ப்யூட்டர் ஃபியூஸ் பக்கமே போகாதீங்க. வயரை வெட்டி ஒட்டாம ஃபியூஸ் டேப் (ஃபியூஸ் இடத்துல சொருகி தனி வயர் எடுக்கிற துண்டு) போடுங்க. பழைய ஃபியூஸ் அதுக்குள்ள ஒரு இடத்துல, கேமராவுக்கு 3 ஆம்பியர் இன்னொரு இடத்துல. உங்க ஃபியூஸோட அளவுக்கே டேப் வாங்கணும், மினி ஃபியூஸுக்கும் லோ புரொஃபைல் மினி ஃபியூஸுக்கும் கால் ஒண்ணுபோல இருக்காது. எர்த்தை பாடி இரும்புல நேரா இறங்குற போல்ட்டுல கொடுங்க. பெயின்ட் மேல வச்சு இறுக்கினா மறுபடி இதே ரீஸ்டார்ட்தான்.

ஒண்ணை மட்டும் அழுத்திச் சொல்றேன். முன்கண்ணாடி ஓரத்து தூண்ல கர்ட்டன் ஏர்பேக் (பக்கவாட்டுல திரை மாதிரி விரியுறது) இருந்தா வயர் அதுக்குப் பின்னால போகணும். முன்னால குறுக்கே விட்டா, ஏர்பேக் விரியும்போது தடுக்கும். அதுல பழக்கம் இல்லாதவர் கையில கொடுக்காதீங்க.

கல்லிடை
கார்டையும் மாத்திருங்க தம்பி. மூணு கேமராவுக்கும் சேர்த்து நொடிக்கு 44 மெகாபிட்னு வச்சா மணிக்கு 20 ஜிபி. 64 ஜிபி மூணு மணி நேரத்துல சுத்தி வந்து பழசை அழிச்சிரும். போன் கார்டு இப்படி ஓயாம எழுதுறதுக்குச் செஞ்சதில்லை. ஹை என்டியூரன்ஸ்னு (ஓயாம எழுதினாலும் தாங்குறது) போட்ட 128 ஜிபி, யூ3, வி30ங்கற எழுதுற வேகக் குறி உள்ளது வாங்கி, கேமராவுக்குள்ளேயே ஃபார்மட் பண்ணுங்க. போலி கார்டு நிறைய வருது. கம்ப்யூட்டர்ல ஹெச்2டெஸ்ட்டபிள்யூங்கற கார்டு சோதனை புரோகிராமை ஓடவிட்டு முழு அளவும் இருக்கான்னு பாத்துக்கிடுங்க. அதிர்வை உணர்ற ஜி-சென்சாரைக் குறைச்சு வைங்க. கூட்டி வச்சா ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒரு ஃபைல் அழியாம லாக் ஆகி கார்டு நிறைஞ்சிரும்.

ரிவர்ஸ் கோடு வராததுக்கு, பின் கேமராவுல இருந்து தனியா தொங்குற மெல்லிசு சிவப்பு வயரைப் பாருங்க. அதை ரிவர்ஸ் லைட்டோட பாசிட்டிவ்ல இணைக்கணும். ரிவர்ஸ் போட்டதும் 12 வோல்ட் வந்தாத்தான் திரை மாறிக் கோடு காட்டும். அதைத் தப்பா வேற கரண்ட்ல கொடுத்தா எப்பவும் ரிவர்ஸ் திரையிலேயே நிக்கும். ஹேட்ச்பேக்குன்னா டிக்கி கதவுக்கும் பாடிக்கும் நடுவுல உள்ள ரப்பர் குழாய்க்குள்ள விடுங்க. வெளிய விட்டா கதவு மூடி மூடி வயர் அறுந்துரும்.

விளக்கு துடிக்கிறதுக்கு மெனுவுல 60 ஹெர்ட்ஸை 50 ஆக்குங்க, நம்ம கரண்ட் 50. சாயங்காலம் அம்பாசமுத்திரம் பக்கம் மேற்கே ஓட்டினா சூரியன் நேரா லென்ஸ்ல விழும். எக்ஸ்போஷரை ஒரு படி குறைச்சு டபிள்யூடிஆரை (வெளிச்சமும் இருட்டும் ஒரே படத்துல தெரிய வைக்கிறது) ஆன்ல வைங்க. கண்ணாடியை டிரைவர் பக்கம் திருப்பினா முதுகுல உள்ள லென்ஸ் இடதுபக்கம் போயிரும். லென்ஸை வெளிய இழுத்து ரோட்டுக்கு நேரா வலதுபக்கம் திருப்பிக்கிடுங்க.

பாளை டிரைவர்
ரெண்டு பேருக்கும் நன்றி அண்ணாச்சி. வண்டியை நிறுத்தின பிறகும் ரெக்கார்டு பண்ற பார்க்கிங் மோடு வச்சா பேட்டரி இறங்குமா? மத்தியான வெயில்ல என்ன பண்றது?

கல்லிடை
அதுல கேமரா 0.3 ஆம்பியர் இழுக்குதுன்னு வச்சா ஒரு ராத்திரிக்கு, 12 மணி நேரத்துக்கு, 3.6 ஆம்பியர் அவர், 35 ஆம்பியர் அவர் பேட்டரிக்கு பயமில்லை. ஆனா ஜங்ஷன்ல வண்டியை விட்டுட்டு நெல்லை எக்ஸ்பிரஸ்ல சென்னை போய் மூணு நாள் கழிச்சு வந்தா 21 ஆம்பியர் அவருக்கு மேல போயிருக்கும், பழைய பேட்டரி ஸ்டார்ட் ஆகாது. கிட்ல கட்-ஆஃப் (பேட்டரி அந்த அளவுக்கு இறங்கினா கேமரா தானா நிக்கும்) 12.2 வோல்ட்ல வைங்க. 11.8 வேண்டாம்.

வெயிலுக்கு, கேமராவுக்குள்ள கரண்ட் சேமிக்க சூப்பர் கெபாசிட்டரா (சூடு தாங்குறது) லித்தியம் பேட்டரியான்னு புத்தகத்துல பாருங்க. லித்தியம்னா சூட்டுல உப்பும், திரையோட ஓரம் விலகுறதுதான் முதல் அடையாளம். அது தெரிஞ்ச உடனே கழட்டிருங்க. வெயில்ல நிறுத்தும்போது சன்ஷேடை முன்கண்ணாடிக்கும் மிரருக்கும் நடுவுல வைங்க. அன்னேரம் முன் கேமரா எதையும் பாக்காது, ஆனா பீஸ் தப்பிக்கும்.

தச்சநல்லூர் வயர்மேன்
நேர மண்டலம் +5:30 இருக்கான்னும் பாத்துக்கிடுங்க. சில பீஸ் +8:00ல வரும். விபத்து கேஸ்ல தப்பான மணி போட்ட வீடியோ தலைவலி. 2024 ஜூலை 1ல இருந்து மின்னணுச் சாட்சிக்கு பாரதிய சாட்சிய அதிநியம்ங்கற புதுச் சாட்சியச் சட்டத்தோட 63-ஆம் பிரிவுப்படி சான்றிதழும் கொடுக்கணும். ஏதாவது நடந்தா உடனே கார்டைக் கழட்டி, எழுதவிடாம பத்திரமா எடுத்து வைங்க.

5 வோல்ட்டும் நல்ல கார்டும் கொடுத்த பிறகும் காலைக் குளிர்ல ரீஸ்டார்ட் ஆச்சுன்னா பீஸ்தான் கோளாறு. டெஸ்டர் அளவு தெரியிற மாதிரி வீடியோ எடுத்து வச்சு, ரிட்டர்ன் போட்டுருங்க.